சுருக்கலாம், விட்டுவிடலாகாது

எழுதுவதற்கு ஓய்வு வேண்டும் என்பது நம் மக்களிடையே ஆழ வேரூன்றிவிட்ட எண்ணம். முதலில் நல்ல வேலை ஒன்று அமையட்டும். பட்ட கடன் தீரட்டும். வீட்டை எடுத்துக் கட்டி, குமர்களைக் கரையேற்றிவிட்டால் பிறகு உட்கார்ந்து எழுதலாம் என்று சொல்லாதவர் அரிது. அந்தப் ‘பிறகு’ பலருக்கு வருவதேயில்லை. எழுதாத நூல்களை நெஞ்சில் சுமந்தவாறே மண்ணறைக்குச் சென்றுவிட்ட நல்லறிஞர்களை நாம் கண்டிருக்கிறோம்.

கவிதைக்கும் கட்டுரைக்கும் இந்த இடர் அவ்வளவாக இல்லை. ஒரு வெண்பாவை ஓர் இரவில் முடித்துவிடலாம். இத்தகைய கட்டுரையை இரண்டு ஜும்ஆக்களுக்கு இடையில் எழுதிவிடலாம். புதினம் அப்படிப்பட்டதன்று. அது ஓராண்டையோ ஈராண்டையோ கேட்கும். சிலரிடம் பத்தாண்டுகளைக்கூடக் கேட்கும். அவ்வளவு நீண்ட காலத்தில் ஒரு குடும்பத்தில் என்னதான் நடவாது? பிள்ளை பிறக்கும், மையித்து விழும், வேலை மாறும், ஊர் மாறும். ஆகவே, வாழ்க்கை புரளும்போது எழுத்தை எங்ஙனம் காப்பது என்னும் கேள்வி, புதினம் எழுத முனைவோருக்கு ஓரமான கேள்வியன்று. அதற்கு விடை காணாதவர் புதினத்தைத் தொடங்கலாமே தவிர முடிக்க இயலாது.

இந்தக் கேள்வி நமக்குச் சென்ற ஆண்டு நேராகவே வந்து சேர்ந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையூர் ஒன்றில், சிறுவயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இருக்கிறார். தமிழிலும் நல்ல பயிற்சி உடையவர். உள்ளூரில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். பிற்பகல் அவருக்கு ஓய்வு. அந்த ஓய்வில் ஒரு புதினம் எழுதிக்கொண்டிருந்தார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது, இலங்கையோடு வாணிபம் செய்துவந்த ஒரு குடும்பம் என்னவாயிற்று என்பது அதன் கதை. நான்கு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. அவற்றை நாம் படித்தோம். பிழைகள் இருந்தன, ஆயினும் உயிர் இருந்தது.

அந்நிலையில் அவருக்குச் சபர் அமைந்தது. துபாயில் ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலை. வாடகை குறைவு என்பதால் தங்குமிடம் ஷார்ஜாவில். வாப்பா இல்லாத வீடு, நிக்காஹ்வுக்குக் காத்திருக்கும் தங்கை, அடகிலிருக்கும் நகை. இந்த வேலையை அவர் மறுப்பதற்கு வழியே இல்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் அவருடைய உம்மா நமக்கு ஆளனுப்பினார். சென்றோம். கதவுக்கு அப்பாலிருந்து அந்த அம்மையார் சொன்னது இது: “ஹஜ்ரத், நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். கதை எழுதுறதை விட்டுட்டு வேலையைப் பாக்கச் சொல்லுங்க. ராத்திரியெல்லாம் கண்முழிச்சு உடம்பைக் கெடுத்துக்குவான். எங்களுக்கு வேற ஆளில்லை.”

அச்சொல்லில் தவறு ஒன்றும் இல்லை. ஒரு வீட்டின் பாரம் முழுவதும் ஒருவன் தோளில் இறங்கும்போது, அத்தோள் வேறொன்றையும் சுமக்கலாகாது என்று தாய் அஞ்சுவது இயல்பு. “சொல்கிறோம்” என்று மட்டும் கூறி வந்தோம். என்ன சொல்வது என்பதை நாம் அப்போது முடிவு செய்யவில்லை. மாணவரிடம் ஸலாமும் துஆவும் கூறி அனுப்பிவைத்தோம்.

முதல் மாதம் முழுவதும் அவரிடமிருந்து செய்தி இல்லை. இரண்டாம் மாதத்தில் கைப்பேசி வழியே நெடுங்கடிதம் ஒன்று வந்தது. ஓர் அறையில் அறுவர். காலை ஆறரைக்கு வண்டி ஏற வேண்டும். ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் இடையே சாலையில் ஊர்திகள் எறும்புபோல் ஊரும்; இரவு திரும்ப எட்டாகும். பிறகு சமையல் முறை, துவையல் முறை. இவ்வளவுக்கும் பின், ஊரில் எழுதியது போலவே நாளொன்றுக்கு நான்கு பக்கம் எழுதியே தீருவது என்று பிடிவாதமாக இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கிறார். மூன்றாம் வாரத்தில் உறக்கக் கலக்கத்தில் ஒரு கணக்கைத் தவறாகப் பதிந்துவிட்டார். மேலாளர் ஒருமுறை எச்சரித்ததோடு விட்டார். கடிதத்தின் இறுதியில், ‘உம்மா சொன்னதே சரி, எழுத்தை அடியோடு விட்டுவிட்டேன். குறிப்பேட்டைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்’ என்று இருந்தது.

தாய் ஒரு முனை, மகன் மறுமுனை. முன்பு போலவே முழுதாகச் செய்ய வேண்டும். இல்லையேல் முற்றிலும் விட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பது இருவருக்குமே தோன்றவில்லை. அந்த மூன்றாவது வழியை நம் மார்க்கச் சட்டமே நமக்கு நாள்தோறும் கற்பிக்கிறது. அவருக்கு நாம் எழுதிய மறுமொழியின் சாரம் அதுதான்.

பயணிக்கு ஷரீஅத் என்ன கூறுகிறது? நான்கு ரக்அத் தொழுகைகளான லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டாகச் சுருக்கித் தொழ அவருக்கு அனுமதி உண்டு. இதற்குக் கஸ்ர் என்று பெயர். பயணத்தின் களைப்பை அல்லாஹ் அறிவான். ஆகவே சுமையைப் பாதியாக்கினான். ஆனால் பயணத்தில் இருக்கிறோம் என்பதற்காகத் தொழுகையை விட்டுவிட அனுமதிக்கவில்லை. மஃரிபும் சுபுஹும் குறைவதில்லை. அவை உள்ளபடியே நிற்கின்றன. சுருக்குவது வேறு, விடுவது வேறு.

எழுத்தை வணக்கத்துக்கு நிகராக வைக்கிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொழுகை கடமை, புதினம் கடமையன்று. எனினும், மனிதனின் பலவீனத்தை அறிந்தவன் வகுத்த சட்டத்தில், பலவீனமான காலத்தில் ஒன்றை எவ்வாறு காப்பது என்னும் பாடம் இருக்கிறது. அதைச் சிறிய காரியங்களிலும் கடைப்பிடிப்பதில் குற்றமில்லை. சிறிதாயினும் நிலைத்துச் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம்.

கஸ்ருக்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே எழுதினோம். நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, சென்ற ஊரில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, முழுதாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் சலுகை முடிந்துவிடும்; முழுதாகவே தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால் அவ்வாறு. கணக்கில் வேறுபாடு உண்டு; எல்லை இருக்கிறது என்பதில் இல்லை. பயணம் என்ற சலுகை, வாழ்நாள் முழுவதும் நீளும் சாக்காக மாறிவிடக் கூடாது. எனவே மாணவருக்கு நாம் கூறியது: “மூன்று மாதம் உமக்குக் கஸ்ர். நாளொன்றுக்கு நூறு சொல். அதற்கு மேல் எழுதாதீர். மூன்று மாதம் முடியும் தேதியை இன்றே குறித்து வையும். அன்றிலிருந்து நூறு, இருநூற்றைம்பதாக வேண்டும்.”

நேரத்தையும் நாமே குறித்தோம். புதிய ஊரில் எல்லாம் மாறிப்போகும். உணவு, உறக்கம், பேசும் மொழி, வாரவிடுமுறை எதுவும் பழைய இடத்தில் இராது. மாறாமல் உடன் வருபவை ஐந்து வக்துகள்தாம். அவற்றுள்ளும் சுபுஹுக்குப் பிந்திய நேரத்தில் பரக்கத் உண்டு. காலைப் பொழுதில் தம் உம்மத்துக்கு அருள்வளம் வேண்டி நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் கோடையில் நான்கு மணியளவிலேயே சுபுஹு நேரம் வந்துவிடும். குளிர்காலத்தில் ஐந்தரையைத் தாண்டும். கோடையில் ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் கால் மணி நேரமே மிஞ்சும்; நூறு சொல்லுக்கு அதுவே போதும். இரவில் எழுதுவதை அறவே நிறுத்தச் சொன்னோம்.

இரவை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உடல்நலம் மட்டுமன்று. ஊதியம் பெற்றுக்கொண்டு செய்யும் வேலை ஓர் அமானத். அலுவலக நேரம் முதலாளிக்கு விற்கப்பட்ட நேரம். அந்நேரத்தில் ஒளித்துக் கதை எழுதுவது எப்படி மோசடியோ, அப்படியே இரவெல்லாம் விழித்துவிட்டு அரைத்தூக்கத்தில் கணக்குப் பார்ப்பதும் அமானத்தில் குறை செய்வதே. ஸல்மானுல் ஃபாரிஸீ (ரலி), தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களைக் காணச் சென்ற வரலாறு புகாரியில் வருகிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அவரை ஸல்மான் (ரலி) உண்ணச் செய்தார், உறங்கச் செய்தார். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமைகள் இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று அறிவுறுத்தினார். நாயகம் (ஸல்) அவர்களும் ஸல்மான் சொன்னதே உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்துக்கே இந்த அளவு உண்டென்றால், எழுத்துக்கு இல்லாமலா போகும்?

மாணவர் எளிதில் ஒப்பவில்லை. ‘நூறு சொல்லில் என்ன நடக்கும்? பெரிய எழுத்தாளர்கள் இப்படியா எழுதினார்கள்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அரபி மொழியில் முதன்முதலாக நோபல் பரிசு பெற்றவர் எகிப்து நாட்டின் நஜீப் மஹ்ஃபூழ். அவர் 1934-இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து அரசுப் பணியில் சேர்ந்தார். 1971-இல் அறுபதாம் வயதில் ஓய்வு பெறும் வரை அரசு ஊழியராகவே இருந்தார். வக்ஃபு அமைச்சகத்திலும் நெடுங்காலம் பணிபுரிந்திருக்கிறார். கெய்ரோவை மையமாகக் கொண்ட அவருடைய மூன்று பெரும் புதினங்களும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. 1952-இல் எழுதி முடிக்கப்பட்டு 1956, 1957 ஆண்டுகளில் வெளிவந்த அவை, அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய ஒருவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கார்ந்து எழுதியவை. கண்ணோய் காரணமாகக் கோடை மாதங்களில் அவரால் எழுத இயலாது. அதற்கும் இடம்விட்டே தம் ஆண்டை வகுத்துக்கொண்டார்.

அவருடைய நூல்கள் அனைத்தையும் நம் உலமாக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஒரு நூலைப் பற்றிக் கடுமையான மறுப்பு எழுந்தது. ஆனால் மறுப்பைக் கத்தியால் எழுதுவது எந்த மார்க்கத்திலும் இல்லை. 1994 அக்டோபரில், எண்பத்திரண்டாம் வயதில், அவர் கழுத்தில் குத்தப்பட்டார். உயிர் பிழைத்தார், வலக்கையின் நரம்புகள் பழுதுபட்டன. அதன் பிறகு நாளொன்றுக்குச் சிறிது நேரமே பேனாவைப் பிடிக்க முடிந்தது. அவர் எழுத்தை விட்டாரா? சில வரிகளே கொண்ட குறுங்கதைகளாகத் தம் கனவுகளை எழுதலானார். ஆயிரம் பக்கம் எழுதிய கை சில வரிகளுக்குச் சுருங்கியது; நிற்கவில்லை. கஸ்ர் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

மாணவர் அரபி கற்றவர் அல்லவா? இப்னு கல்தூனைக் கொண்டுவந்து நம்மை மடக்கப் பார்த்தார். முகத்திமாவின் முதல் வரைவு, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு தனிக்கோட்டையில், 1377-இல், ஐந்தே மாதங்களில் எழுதப்பட்டது. அரசுப் பணிகளையெல்லாம் உதறிவிட்டு ஒதுங்கிய ஓய்வில் பிறந்த நூல் அது. உண்மைதான். ஆனால் அந்த ஐந்து மாதங்களில் அவர் எழுதியது எதை? அதற்கு முந்திய இருபதாண்டுக் காலம் அரசவைகளில் வேலை பார்த்தும், சிறைப்பட்டும், நகரம் நகரமாகப் பெயர்ந்தும் கண்டறிந்ததைத்தானே! பிற்காலத்தில் எகிப்தில் காழியாகப் பணியாற்றிய ஆண்டுகளிலும் அந்நூலைத் திருத்தியும் விரித்தும் வந்தார். ஓய்வு கிடைத்தபோது அதை ஏந்திக்கொள்ளப் பாத்திரம் ஆயத்தமாக இருந்தது. ஓய்வைக் கொடுப்பது அல்லாஹ்வின் கையில் உள்ளது. பாத்திரத்தைத் துலக்கி வைப்பது நம் கையில் உள்ளது.

வேலையைப் பற்றிய ஐயம் இவ்வாறு தீர்ந்தது. ஊர் மாறியதைப் பற்றிய ஐயம் எஞ்சியது. ‘நம் ஊர்க் கதையை அவ்வூரை விட்டு வந்தபின் எப்படி எழுதுவேன்? கடலின் ஓசைகூட மறந்துபோகிறது’ என்று எழுதியிருந்தார். இந்த அச்சத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் ஊரை எழுதியவர்களில் பலர் ஊரை விட்டு வந்தவர்களே. மஹ்ஃபூழ் பிறந்த ஜமாலிய்யா வட்டாரத்தை விட்டு அவருடைய குடும்பம் அவர் சிறுவராக இருந்தபோதே வேறு பகுதிக்குப் பெயர்ந்துவிட்டது. அவருடைய மூன்று புதினங்களும் அந்தப் பழைய வட்டாரத்துத் தெருக்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. சூடான் நாட்டின் தய்யிப் ஸாலிஹ் 1953-இல் இலண்டன் சென்றார்; பி.பி.சி. அரபி ஒலிபரப்பில் பணியாற்றினார். 1966-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற புதினம் நைல் கரைச் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. நம்மவரான தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, திருநெல்வேலியில் குடியிருந்து, மிளகாய் வாணிபம் செய்தவர். பள்ளியில் மலையாளம் பயின்றவர். கடையும் கணக்குமாய் இருந்த அவர் எழுதியது தாம் பிறந்த கடலோரத்தையே. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வந்தது. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஊருக்குள் இருக்கும்போது ஊர் நம்மைச் சூழ்ந்திருக்கிறது, அதைப் பார்ப்பதற்கில்லை. விலகி வந்தபின்தான் அதன் உருவம் தெரிகிறது.

ஆனால் உருவம் தெரியும்போதே நுட்பங்கள் உதிரத் தொடங்கும். அதற்கு மட்டும் உடனே வழி செய்யச் சொன்னோம். கதைக்கான நூறு சொல்லோடு, நினைவுக்கு வரும் ஊர்ச்சொல் ஒன்றையும் நாள்தோறும் தனியேட்டில் குறிக்க வேண்டும். மீனின் பெயர், தோணியின் உறுப்பு, மூத்தவர்களின் வசவு, கந்தூரிக் காலத்து வழக்கம், எதுவாயினும் சரி. ஐயம் வந்தால் உம்மாவைக் கேட்க வேண்டும்.

இந்தக் கடைசி யோசனை நாம் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டோடு பேசும்போது மாணவர் உம்மாவிடம் பழங்கதைகளைக் கேட்கலானார். ஒருநாள் எழுதிய பகுதியையே படித்தும் காட்டினார். புயலுக்குப் பின்வந்த நோன்பு மாதத்தில், பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வரும் சிறுவனைப் பற்றிய பகுதி. அவன் கையில் எவர்சில்வர் தூக்கு இருப்பதாக எழுதியிருந்தார். உம்மா இடைமறித்து, “அப்ப நம்ம வீட்ல ஏதுடா எவர்சில்வரு? பித்தளைத் தூக்கு, உள்ளே ஈயம் பூசினது. சூட்டுல காது கையைப் பொசுக்கும், துணியைச் சுத்திப் பிடிக்கணும்” என்றாராம். மாணவர் திருத்திக்கொண்டார். அந்தத் துணி சுற்றிய பித்தளைத் தூக்கு வந்த பிறகே அப்பகுதி முழுமை பெற்றது என்பது நம் கருத்து.

அதற்குப்பின் அந்த அம்மையார் எழுத்தை நிறுத்தச் சொல்லுமாறு நமக்கு ஆளனுப்பவில்லை. ஒருமுறை ஆள் வந்தது. அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்பதற்காக.

மூன்று மாதக் கஸ்ர் குறித்த தேதியில் முடிந்தது. அறைத் தோழர்கள் உறங்கும் வேளையில், அடுக்களை விளக்கடியில், எண்ணெய் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து, இப்போது அவர் நாளொன்றுக்கு இருநூற்றைம்பது சொல் எழுதுகிறார். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் ஆயிரத்தைந்நூறு சொல். நாற்பது வாரத்தில் அறுபதாயிரம். அது ஒரு புதினத்தின் அளவு. வேலையிலும் ஒருவரும் குறை சொல்லவில்லை. அடகு வைத்த நகை மீண்டுவிட்டது. தங்கையின் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கப் பேச்சு நடக்கிறது. புதினம் இன்னும் முடியவில்லை. அது நன்றாக அமையுமா என்பதை முடிந்தபின்தான் சொல்ல முடியும். முடியும் என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

நம் சமுதாயத்துக்கு இது புதிய செய்தியன்று. கண்டியில் வழக்கறிஞராகப் பணிபுரிந்து, 1882 முதல் ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்தி, கல்விக்காகவும் உழைத்த சித்தி லெவ்வை மரைக்காயர் அவர்கள்தாம் 1885-இல் ‘அசன்பே சரித்திர’த்தைத் தந்தார்கள். தமிழின் தொடக்ககாலப் புதினங்களில் அது ஒன்று. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே பெற்று, வீட்டுக்குள்ளேயே இருந்து எழுதிய ‘காதலா கடமையா’ 1938-இல் வெளிவந்தது, உ.வே. சாமிநாதையர் அவர்கள் அதற்கு மதிப்புரை வழங்கினார்கள். இவர்களுள் எவருக்கும் முழு ஓய்வு வாய்த்ததில்லை.

எனவே குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், எழுத ஆசைப்பட்டால், உழைப்பையும் வீட்டையும் மறக்காதே என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. எழுத்தை விட்டுவிடு என்று சொல்லாதீர்கள். காலையில் கால் மணி நேரம் அந்தப் பிள்ளையை யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும். அதற்குக் காசு செலவில்லை. எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: சபரில் இருக்கிறீர்களா? சுருக்கிக்கொள்ளுங்கள். சுருக்கம் முடியும் நாளையும் குறித்து வையுங்கள். பேனாவைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டாதீர்கள்.

தேடும் ரிஸ்கிலும் எழுதும் எழுத்திலும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பரக்கத் செய்வானாக! ஆமீன்.